13 மாதம், சுட்டிக்காட்டுவதில்லை: வீட்டில் எப்படிப் பேசுவது?

கேள்வி:
மூத்தவனுக்கு ஆட்டிசம். இளையவளுக்கு 13 மாதம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எப்போதாவதுதான் திரும்புகிறாள். "பபப" என்று மழலை உண்டு, விரல் நீட்டி எதையும் காட்டுவதில்லை. நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கச் சொல்கிறார்கள். அது போதுமா?

பதில் 1:
எவ்வளவு பேசுகிறோம் என்பதைவிட, எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைக் கவனியுங்கள். அவள் டப்பா மூடியை உருட்டிக்கொண்டிருக்கும்போது "இங்க பார், பொம்மை!" என்றால், கண் மூடியில் இருக்கும், காதில் பொம்மை விழும், சொல் பொருளோடு ஒட்டாது. அவள் பார்ப்பதையே சொல்லுங்கள்: "மூடி... உருளுது." ஆட்டிசக் குழந்தைகளின் கவனத்தைப் பின்தொடர்ந்து பெற்றோர் பேசிய அளவுக்கு, பல ஆண்டு கழித்தும் அவர்களின் மொழி வளர்ச்சி கூடுதலாக இருந்தது என்று சில்லர், சிக்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வில் எழுதினார்கள்.

டிவியை அணைத்துவிட்டு, அவள் முகத்துக்கு நேராகத் தரையில் உட்காருங்கள். ஓரிரு சொல் போதும். பிறகு 5 முதல் 10 நொடி சும்மா இருங்கள். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்: இரண்டாம் நொடியிலேயே அடுத்த கேள்வியைக் கேட்டு, குழந்தையின் முறையைத் தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு சத்தம், ஒரு பார்வை, கையசைவு எது வந்தாலும் அதுதான் பதில். அதையே திருப்பிச் செய்யுங்கள். "இது என்ன? சொல்லு" என்ற பரீட்சை வேண்டாம்.

பதில் 2:
அதோடு, காதைப் பரிசோதியுங்கள். பிறந்தபோது செய்த சோதனையில் தேறியிருந்தாலும் மறுபடி செய்ய வேண்டும். நடுச்செவியில் நீர் தேங்கினாலும் கேட்பது மங்கும். எம்-சாட் என்பது ஆட்டிச அறிகுறி உண்டா என்று பெற்றோரிடம் கேட்கும் கேள்வித்தாள்; அது 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. இப்போது அதை நிரப்பி, மதிப்பெண் குறைவு என்று நிம்மதி அடையாதீர்கள். ஆட்டிசக் குழந்தையின் தம்பி தங்கைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஆட்டிசம் இருக்கிறது. ஆகவே குழந்தை வளர்ச்சி மருத்துவரை இப்போதே பாருங்கள். நீங்கள் பேசாததால் ஆட்டிசம் வராது. அந்தப் பழைய பழியைச் சுமக்கவே வேண்டாம்.

பதில் 3:
சுட்டிக்காட்டப் பழக்குவதற்கு: முதலில் பொருளை விரலால் தொட்டே காட்டுங்கள். பார்வை விரலோடு வரத் தொடங்கியதும் ஒரு சாண், பிறகு ஒரு முழம் என்று தள்ளிக் காட்டுங்கள். எடுத்த எடுப்பில் தூரத்து நிலாவைக் காட்டினால் விரலைத்தான் பார்ப்பாள். முகத்தைப் பிடித்துத் திருப்பாதீர்கள். காரணமில்லாமல் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்காதீர்கள். திரும்பினால் அவளுக்குப் பிடித்தது ஏதாவது நடக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. எதைக் கண்டால் காத்திருக்கக் கூடாது?

பதில் 2:
இருந்த மழலையோ சொல்லோ சிரிப்போ மறைந்தால், எந்த வயதானாலும் உடனே காட்டுங்கள். 16 மாதத்தில் ஒற்றைச் சொல்கூட இல்லையென்றாலும் அப்படித்தான். நோய்ப்பெயர் உறுதியாகும்வரை பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள்.