ஏர் ரைஃபிள் எனக்குப் பொருந்தவில்லை, எந்தத் திருகிலிருந்து தொடங்குவது?

கேள்வி:
10 மீட்டர் ஏர் ரைஃபிள், ஆறு மாதமாகச் சுடுகிறேன். கிளப் துப்பாக்கிதான், எனக்கு முன்னால் அதில் சுட்டவர் நல்ல உயரம். இருபது குண்டு போவதற்குள் கழுத்து பிடித்துக்கொள்கிறது, பின் சைட்டின் (குறிபார்க்கும் பகுதி) ஓட்டையைத் தேடித் தலையைச் சாய்க்க வேண்டியிருக்கிறது. கன்னம் வைக்கும் கட்டையை உயர்த்தினால் சரியாகுமா?

பதில் 1:
கன்னக் கட்டையை இப்போது தொடாதீர்கள், எல்லோரும் அங்கேதான் ஆரம்பித்து மாட்டிக்கொள்கிறார்கள். முதலில் பட் பிளேட், அதாவது தோளில் பதியும் பின்பக்கத் தகடு. இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி நில்லுங்கள் (வலக்கைக்காரர் என்று நினைத்துச் சொல்கிறேன்), துப்பாக்கி கண்ணைத் தேடி வர வேண்டும். தாழ்வாக இருந்தால் பட் பிளேட்டைக் கீழே இறக்குங்கள், துப்பாக்கி மேலே வரும். அப்புறம் துப்பாக்கியின் பின்கட்டை நீளம், முந்தையவர் உயரம் என்றால் உங்களுக்குக் குறைக்க வேண்டியிருக்கும். கடைசியில்தான் கன்னம்: கண்ணை மூடி, தலையை நேராக வைத்து, கழுத்தைத் தளரவிட்டுக் கன்னத்தைச் சாயுங்கள், கண்ணைத் திறந்ததும் முன் சைட் வளையம் ஓட்டையின் நடுவில் தெரிந்தால் போதும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. குண்டு இல்லை என்று பார்த்துவிட்டுத் திருகில் கை வையுங்கள். பழைய அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள், கிளப் துப்பாக்கி ஆயிற்றே, அடுத்தவர் திட்டுவார். ஒரு நாளைக்கு ஒரு மாற்றம்தான். எடைக்கட்டிகளை இப்போது சேர்க்காதீர்கள், விதிப்படி துப்பாக்கியின் மொத்த எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது.

கேட்டவர்:
பட் பிளேட்டை இரண்டு விரல் இறக்கினேன், பாதி வலி போயிற்று. நாளைக்கு நீளம்.