மருத்துவமனைக்கு ஆய்வுக் குழு வந்தபோது நீங்கள் கண்டது என்ன? (அனுபவப் பகிர்வு)

காப்பீட்டு மேசை:
முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்துள்ள ஒரு தனியார் மருத்துவமனையில், அத்திட்டத்துக்கான உதவி மேசையில் பணிபுரிகிறேன். ஆய்வுக்கு வருபவர்கள் முன் அனுமதி, அறுவைக் குறிப்பு, நோயாளியின் புகைப்படம் ஆகியவற்றைச் சரிபார்ப்பார்கள் என்பது இங்கு எல்லோருக்கும் தெரிந்ததே. அன்று வந்த குழுவில் இருந்த ஒரு பெண் மருத்துவர் கோப்பை மூடி வைத்துவிட்டு, இடுப்பெலும்பு அறுவை முடிந்து படுத்திருந்த மூதாட்டியிடம் நேராகச் சென்று, "கையிலேர்ந்து ஏதாவது கட்டினீங்களாம்மா?" என்று கேட்டார். மூதாட்டி வாய் திறப்பதற்கு முன் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையணை உறைக்குள்ளிருந்து மடித்த ரசீதுகளை எடுத்து நீட்டி, "இதச் சொன்னா ஆபரேசன் காச எங்கிட்ட கேப்பாங்களா?" என்றார். பணம் திருப்பித் தரப்பட்டது. நிர்வாகத்திடம் விளக்கமும் கேட்கப்பட்டது. கட்டணமில்லாச் சிகிச்சை என்று சுவரில் எழுதி வைத்த கட்டடத்தில் அவர் ஏன் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசினார் என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

மருந்துக் கிடங்கு:
உங்களிடம் வந்தவர்கள் நோயாளியிடமாவது பேசியிருக்கிறார்கள். நான் வேலை பார்க்கும் அரசு மருத்துவமனையில் தணிக்கை என்றால் பதிவேட்டோடு மட்டுமே பேச்சு. மாநிலக் கணக்காயர் அலுவலகத்திலிருந்து வந்தவர், பெட்டி பிரிக்கப்படாமல் இருந்த இரத்த அணுக்களை எண்ணும் கருவியின் மீது படிந்திருந்த தூசியில் விரலால் ஒரு கோடு இழுத்துவிட்டு, "எப்போது வந்தது?" என்று மட்டும் கேட்டார். ஆய்வக நுட்பநர் பணியிடம் காலியாக இருப்பதையும், அதற்காகத் தலைமை மருத்துவர் மீண்டும் மீண்டும் எழுதிய கடிதங்களையும் காட்டினேன். அறிக்கையில் 'பயன்படுத்தப்படாமல் கிடந்தது' என்று வந்தது. காலிப் பணியிடம் பற்றி ஒரு வரியும் இல்லை. மாநில அரசே ஆளையும் நியமிக்காமல், அதே அரசே வந்து குற்றம் எழுதுவதை எப்படி ஆய்வு என்பது?

ஓய்வுபெற்ற தணிக்கையர்:
முந்தைய பதிவில் ஒரு திருத்தம். மாநிலக் கணக்காயர் மாநில அரசின் அலுவலர் அல்லர். இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் கீழ் இயங்குபவர். அரசியலமைப்பின் 151ஆம் பிரிவின்படி அந்த அறிக்கை ஆளுநருக்குச் சென்று, சட்டப்பேரவையில் வைக்கப்பட்டு, பொதுக் கணக்குக் குழுவின் ஆய்வுக்குப் போகிறது. காலிப் பணியிடத்தை உங்கள் தரப்பு எழுத்துமூலப் பதிலில் சொல்லியிருந்தால் அதை விட்டுவிடுவது எளிதன்று. வாய்மொழியாகச் சொன்னது கோப்பில் ஏறாது. குளிர்பதனப் பெட்டி பழுதாகித் தடுப்பூசிகள் வீணான ஒரு மருத்துவமனைக்கு நான் நீண்ட வினா அனுப்பியபோது, 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்பதே முழுப் பதிலாக வந்தது. அந்தத் தாளை இன்னும் மறக்க முடியவில்லை.

வேலூர் வாசகன்:
என் தந்தையின் இதயச் சிகிச்சை காப்பீட்டில் நடந்தது. வீடு திரும்பும்போது கொடுத்த தாளில் இருந்த கைபேசி எண் எங்கள் வீட்டில் எவருடையதும் அன்று. அழைத்துப் பார்த்தேன், எடுத்தவர், எங்களைச் சேர்த்துக்கொண்ட அதே மருத்துவமனையின் ஊழியர். 'உங்களிடம் பணம் வாங்கினார்களா?' என்று திட்டத்தின் தரப்பிலிருந்து யாராவது கேட்டிருந்தால், அந்தக் கேள்வி பணம் வாங்கியவர்களின் காதுக்கே போயிருக்கும். 2023 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட, ஆயுஷ்மான் பாரத் என்னும் மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பற்றிய தணிக்கை அறிக்கை, நாடு முழுவதும் ஏறத்தாழ 7.5 லட்சம் பயனாளிகள் 9999999999 என்ற ஒரே எண்ணோடு இணைக்கப்பட்டிருந்ததையும், தமிழ்நாட்டில் ஏழு ஆதார் எண்களில் 4,761 பதிவுகள் இருந்ததையும் காட்டியது. அதைப் படித்தபோது பலரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒற்றை மருத்துவர் மனை:
எங்கள் ஊரில் சிறிய மருத்துவ நிலையம் நடத்துகிறேன். 1997ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்துக்கு 2018இல் விதிகள் வந்த பிறகு, பதிவுக்காக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வந்தவர் நோயாளிகளோடு வரிசையில் அமர்ந்து, முறை வந்ததும் உள்ளே வந்து, முதலில் மஞ்சள் கழிவுப் பையில் தேதி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதால் அந்தத் தேதி முக்கியம்.

இனி மற்றவர்களுக்குச் சில சொற்கள். மருந்துக் கிடங்கு நண்பர், கருவி வந்த நாளிலேயே பொருத்தும் பொறியாளர், இயக்குபவர், தேவையான வேதிப்பொருள் ஆகிய மூன்றில் எது இல்லை என்பதை இருப்புப் பதிவேட்டின் குறிப்புப் பத்தியிலேயே எழுதி, மருத்துவ அலுவலரிடம் கையொப்பம் வாங்கி வைக்க வேண்டும். தனிக் கடிதம் வேறு கோப்பில் புதைந்துவிடும். காப்பீட்டு மேசை நண்பர், நோயாளி சேரும்போதே 'பணம் தர வேண்டியதில்லை' என்பதை உறவினர் முன்னிலையில் சொல்லிக் கையொப்பம் பெறலாம். வேலூர் நண்பர், சிகிச்சைக்கு முன்பே எண்ணைச் சரிபார்த்திருக்கலாம். குறை இருந்தால் அரசின் மருத்துவ உதவி எண்ணான 104இல் அழைத்துச் சொல்லலாம். எழுதிக் கொடுப்பது இன்னும் நல்லது, ஏனெனில்...

வேலூர் வாசகன்:
மருத்துவரே, தந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டு ஓடுகிறவன் எண்ணைச் சரிபார்ப்பதில்லை. எழுதியும் கொடுத்துவிட்டேன், ஆட்சியர் அலுவலகத்தில் தந்த மனு ரசீது என்னிடம் இருக்கிறது. விசாரணைக்கு அழைப்பு வரும் என்றார்கள். எந்த எண்ணுக்கு என்று கேட்டேன்; கணினியில் உள்ள எண்ணுக்கு என்றார்கள்.