பழைய பத்திரிகைகளில் ஏன் இத்தனை மருந்து விளம்பரம்?

வைகைக்கரை எழுதியது:

வணக்கம். சிறுகதைகளைத் தேடி 1920, 30களின் பத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். கதையைவிட மருந்து விளம்பரம்தான் அதிகம் கண்ணில் படுகிறது. தலைவலி, மலச்சிக்கல், நரம்புத் தளர்ச்சி, குழந்தைக்கு வயிற்றுவலி, எதை எடுத்தாலும் ஒரு புட்டி அல்லது டப்பா, கீழே ‘வி.பி.பி.யில் அனுப்பப்படும்’ (தபாலில் பார்சல் வந்ததும் பணம் கட்டி வாங்கிக்கொள்ளும் முறை) என்று ஒரு வரி. ஒரு பத்தியில் காங்கிரஸ் மாநாட்டுச் செய்தி, அடுத்த பத்தியில் தாதுபுஷ்டி மாத்திரை. இந்த மருந்துகளுக்குள் உண்மையில் என்னதான் இருந்தது? இவ்வளவு பெரிய வாக்குறுதிகளை அச்சிடும்போது பத்திரிகைக்காரர்கள் எதுவும் கேட்கவில்லையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கம்பவுண்டர் எழுதியது:

வேலை பார்த்த காலமெல்லாம் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நின்றவன் நான். அதனால் புட்டிக்குள் இருந்ததைப் பற்றிச் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்ட முடியாது. லாகூரில் பண்டித தாகூர் தத் சர்மா 1901-இல் தொடங்கிய அமிர்ததாரா என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வகை மருந்தின் அடிப்படை மூன்றே சரக்கு: கற்பூரம், புதினாவிலிருந்து எடுக்கும் மென்தால், ஓமத்திலிருந்து எடுக்கும் தைமால். மூன்றும் தனித்தனியாகக் கட்டிதான். ஒரு புட்டியில் சேர்த்துக் குலுக்கினால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடாமல் திரவமாகிவிடும். படிக்கிற காலத்தில் இதைச் செய்து பார்த்து மலைத்துப்போகாத மாணவனே இல்லை. அந்தத் திரவம் நெற்றியில் பட்டால் குளிர்ச்சியாக இருக்கும், மூக்கடைப்பு விட்டது போலத் தோன்றும், வயிற்று உப்புசத்துக்கும் கொஞ்சம் இதம் தரும். அதுவரை நியாயம்தான். ஆனால் வீட்டில் வரும் எந்த நோய்க்கும் இந்த ஒரு புட்டி போதும் என்று விளம்பரம் செய்தபோதுதான் தப்பு வந்தது. பெயருக்கு இருந்த மவுசும் சாதாரணமானதல்ல. இலட்சுமண்தாரா என்று இன்னொரு மருந்து வந்து, அந்தப் பெயர்ச் சண்டை 1962-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது.

அடுத்தது குளோரோடைன். இதைப் பற்றி என்னால் நிதானமாக எழுத முடியவில்லை. இந்தியாவில் ராணுவ டாக்டராக இருந்த ஜான் காலிஸ் பிரவுன் 1848-இல் வாந்திபேதிக்கென்று கண்டுபிடித்த கலவை அது. அபின் சத்து, குளோரோஃபார்ம், கஞ்சா டிங்சர் மூன்றும் அதில் உண்டு. அபின் குடலைக் கட்டும், அதனால் பேதி நின்றது போலத் தெரியும். காலரா நோயாளி சாவது உடம்பில் நீரும் உப்பும் வற்றிப்போவதால். அதை ஈடுகட்ட இந்த மருந்தில் எதுவுமே இல்லை. இருமலுக்கும் தூக்கமின்மைக்கும்கூட இதையே விற்றார்கள். இதை வாங்கிய எத்தனை பேருக்கு உள்ளே அபின் இருப்பது தெரிந்திருக்கும்?

மேல்நாட்டுச் சரக்கில் பீச்சம் மாத்திரை ரொம்பப் பேர் போனது. ‘ஒரு டப்பா ஒரு கினி (21 ஷில்லிங்) பெறும்’ என்பது அதன் விளம்பர வாசகம். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் அதைச் சோதித்து 1909-இல் முடிவை வெளியிட்டது. கற்றாழைப் பால் (கரியபோளம்), சுக்கு, சோப்பு, அவ்வளவுதான். 56 மாத்திரைக்கான சரக்கின் அடக்க விலை அரை ஃபார்த்திங், விற்ற விலை ஒரு ஷில்லிங் ஒன்றரை பென்ஸ் (நாலு ஃபார்த்திங் ஒரு பென்னி, பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங்). கணக்குப் போட்டால் நூறு மடங்குக்கு மேல் வருகிறது. கரியபோளம் பேதிக்குப் போகவைக்கும் என்பது நம்மூர் நாட்டு மருந்துக் கடையில் யாரைக் கேட்டாலும் தெரியும்.

இன்னொன்று. இவற்றை ‘பேடன்ட் மருந்து’ என்று சொன்னாலும் பெரும்பாலானவற்றுக்குக் காப்புரிமையே கிடையாது. வாங்கினால் செய்முறையை வெளியே சொல்லியாக வேண்டுமே. பெயரையும் லேபிளையும் மட்டும் டிரேட்மார்க் ஆக்கிக்கொண்டு, உள்ளே இருப்பதைப் பூட்டி வைத்தார்கள்.

லஸ் கார்னர் எழுதியது:

கம்பவுண்டர் ஐயாவுக்கு நன்றி. பத்திரிகை பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்லிப் பார்க்கிறேன். மருந்துக்காரர்தான் பத்திரிகைக்குச் சோறு போட்டார். சோறு போட்டவரை யார் குறுக்குக் கேள்வி கேட்பார்கள்?

மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் நடைபயிற்சி போகிறவர்கள் பலர் இருப்பீர்கள். அந்த காசிநாதுனி நாகேஸ்வர ராவ்தான் 1893-இல் பம்பாயில் அமிர்தாஞ்சன் தொடங்கியவர். இசைக் கச்சேரிகளில் சாம்பிளை இலவசமாகக் கொடுத்துப் பரப்பினார். சும்மா கிடைத்த தைலத்தை அங்கேயே நெற்றியில் தடவிப் பார்த்தவர், தீர்ந்ததும் கடையில் அதே பெயரைக் கேட்பார் இல்லையா? அந்த லாபத்தில் 1908-இல் பம்பாயிலேயே ஆந்திர பத்திரிகாவை வார இதழாகத் தொடங்கினார். 1914-இல் சென்னைக்கு வந்த பிறகு அது நாளிதழானது. 1924-இல் பாரதி என்ற இலக்கிய மாத இதழும் வந்தது. ஆந்திர தேசிய இயக்கத்துக்கும் தெலுங்கு இலக்கியத்துக்கும் அந்த மஞ்சள் தைலத்தின் காசு எவ்வளவோ செய்திருக்கிறது. அந்த மனிதர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அந்தத் தைலமும் செய்யாததைச் செய்ததாகக் காட்டிய சரக்கு இல்லை, தலைவலிக்கு உண்மையாகவே இதம் தந்தது.

ஆனால் எல்லா முதலாளியும் அவர் மாதிரி இல்லை. இன்றைய குஜராத்தின் கத்தியவார் பகுதியில் ஜாம்நகரிலிருந்து ஆதங்க நிக்ரஹ மாத்திரை விற்ற மணிசங்கர் கோவிந்த்ஜி, காமசாஸ்திரப் புத்தகத்தை இலவசமாக அனுப்புவதாக விளம்பரம் கொடுத்தார். இளைஞர்களுக்கு முதலில் பயத்தை ஊட்டி, அப்புறம் மாத்திரையை விற்கிற வேலை இது. டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாத விஷயத்துக்கு, பெயர் தெரியாத ஊரிலிருந்து தபாலில் வரும் பார்சல் எவ்வளவு வசதி! வி.பி.பி. இல்லையென்றால் இந்த வியாபாரமே இல்லை.

இங்கிலாந்திலும் இதே கதைதான். ஐயா சொன்ன அந்தச் சோதனை முடிவுகள் புத்தகமாக வந்தபோது, அதற்கு விளம்பரம் போடவே பல பத்திரிகைகள் மறுத்துவிட்டன. பிறகு நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரித்து மிகக் கடுமையான அறிக்கை கொடுத்தது. அது வெளியான நாள் 1914 ஆகஸ்ட் 4, பிரிட்டன் ஜெர்மனி மீது போர் தொடுத்த அதே நாள். அறிக்கை அப்படியே அமுங்கிப்போனது. மருந்தில் இருப்பதை லேபிளில் போட வேண்டும் என்ற சட்டம் அங்கே வர 1941 ஆகிவிட்டது.

சிங்கை வாசகி எழுதியது:

லஸ் கார்னர் அண்ணா, நீங்கள் சொன்ன அதே கதை இங்கேயும் நடந்தது. டைகர் பாம் பிறந்த இடம் ரங்கூன். அதை உலகறியச் செய்த ஆவ் பூன் ஹாவ் 1926 வாக்கில் தொழிலைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தார். காரின் முன்பக்கத்தில் புலித்தலை வைத்து ஊரைச் சுற்றியவர் அவர். மற்றவர்களுடைய பத்திரிகைக்கு விளம்பரக் காசு கொடுப்பானேன் என்று 1929-இல் சின் சியூ ஜிட் போ என்ற சீன நாளிதழையே தொடங்கிவிட்டார். ஊருக்குப் போகும் தமிழர்கள் பெட்டியில் தவறாமல் வைக்கும் கோடாலித் தைலமும் 1928 முதல் இங்கே தயாரானதுதான்.

ஒரு சந்தேகம். கிரைப் வாட்டரும் இந்தக் கூட்டத்தில் சேருமா? எங்கள் வீட்டில் அது இல்லாமல் எந்தக் குழந்தையும் வளரவில்லை.

பழைய கம்பவுண்டர் எழுதியது:

சேரும் அம்மா. நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்டு 1851-இல் தயாரித்தது. சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, அவற்றோடு கொஞ்சம் சாராயம். குழந்தை அமைதியானதற்கு அந்தக் கடைசிச் சரக்கும் ஒரு காரணம். இன்று நம் கடைகளில் கிடைப்பதில் அது இல்லை, பயப்பட வேண்டாம்.

எனக்கு மனசு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அதே காலத்தில் மலேரியாவுக்கு உண்மையான மருந்து இருந்தது, கொய்னா (குவினைன்). 1892-இல் வங்காளத்தில் தபால் நிலையங்களிலேயே காலணாப் பொட்டலமாக விற்கத் தொடங்கினார்கள். அந்தப் பொட்டலத்துக்கு விளம்பரப் படமும் கிடையாது, கச்சேரியில் சாம்பிளும் கிடையாது. வேலை செய்கிற மருந்து கசந்துகொண்டு தபால் ஜன்னலில் கிடந்தது. வேலை செய்யாதது வண்ண அட்டையில் வீடு தேடி வந்தது. கொய்னாவிலும் கலப்படம் நடந்தது. இதையெல்லாம் விசாரிக்க மருந்தியல் நிபுணர் கர்னல் சோப்ரா தலைமையில் 1930-இல் குழு போட்டார்கள், அடுத்த வருடமே அறிக்கையும் வந்தது. மருந்துச் சட்டம் வந்தது 1940-இல். மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் சட்டத்துக்கோ 1954 வரை, அதாவது சுதந்திரம் வந்து ஏழு வருடம் கழியும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் எத்தனை ஏழைகள் கடன் வாங்கி வி.பி.பி. பார்சலுக்குப் பணம் கட்டியிருப்பார்கள்!

வைகைக்கரை, உங்களிடம் ஒரு வேண்டுகோள். கதைகளைப் படியெடுக்கும்போது இந்த விளம்பரங்களையும் தேதியோடு, விலையோடு படம் எடுத்து வையுங்கள். பைண்டிங் செய்யும்போது விளம்பரப் பக்கங்களைக் கிழித்துப் போட்ட தொகுதிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வைகைக்கரை எழுதியது:

நிச்சயம் செய்கிறேன் ஐயா. 1931-இன் தொகுதி ஒன்று இப்போது கையில் இருக்கிறது, அட்டையின் உள்பக்கம் உட்பட முழுசாக இருக்கிறது. இந்த வாரம் அதிலிருந்து தொடங்கி இங்கேயே படங்களைப் போடுகிறேன். சரக்கின் பெயர் போட்டிருந்தால் அது என்ன என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.