வடிகட்டல் ஒன்று, ஆய்ந்தெடுப்பு வேறு

வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளுக்காக இணையக் கலைக்களஞ்சியங்களைச் சீர்செய்யும் வேலை முழுவதற்கும் ‘உள்ளடக்க வடிகட்டல்’ என்ற சொல்லையே வைத்துக்கொள்ளலாம் என்று ஐயா எழுதியிருந்தீர்கள். மென்பொருள் செய்யும் வேலைக்கு அது பொருத்தமான சொல். மனிதர்கள் செய்யும் வேலைக்கு அது ஒட்டவில்லை என்பது என் எண்ணம்.

வடிகட்டிக்குப் பொருள் தெரியாது, எழுத்து வரிசைதான் தெரியும். 1996இல் இங்கிலாந்தில் ஸ்கந்தார்ப் ஊர்க்காரர்களால் ஏஓஎல் என்ற இணையச் சேவையில் கணக்குத் தொடங்க முடியவில்லை. ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே ஒரு கெட்ட வார்த்தை இருந்ததுதான் காரணம். இப்படிப்பட்ட வடிகட்டியை நம்பினால் மார்பகப் புற்றுநோய் பற்றிய கட்டுரையும் மாணவிக்குக் கிடைக்காமல் போகலாம்.

பள்ளிகளுக்கென்று விக்கிப்பீடியாவிலிருந்து தொகுத்த ‘விக்கிப்பீடியா ஃபார் ஸ்கூல்ஸ்’ போன வழி வேறு. எஸ்ஓஎஸ் சில்ட்ரன்ஸ் வில்லேஜஸ் தொண்டு நிறுவனத்தின் பிரிட்டன் கிளை அதை உருவாக்கியது. 2013 பதிப்பில் ஏறத்தாழ 6,000 கட்டுரைகள். தன்னார்வலர்கள் கட்டுரை கட்டுரையாகப் பார்த்தார்கள். விஷமிகள் கைவைக்காத வடிவத்தைத் தேடி எடுத்தார்கள், பிள்ளைகளுக்கு ஒவ்வாத பகுதிகளை நீக்கினார்கள். இணையமே இல்லாத பள்ளியிலும் அதை வைத்துப் படிக்க முடிந்தது. இவ்வளவு பொறுமையான உழைப்பை ‘வடிகட்டல்’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

‘தணிக்கை’ வேண்டாம். கணக்குத் தணிக்கையும் திரைப்படத் தணிக்கையும் ஏற்கெனவே அந்தச் சொல்லைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கின்றன. தங்கை சொன்ன ‘புடைத்தல்’ எனக்கு மிகவும் பிடித்தது, முறமும் பதரும் உடனே கண்முன் வருகின்றன. ஆனால் ‘புடைப்பு’ என்று பெயர்ச்சொல் ஆக்கினால் வீக்கம் என்றாகிவிடுகிறது.

என் பரிந்துரை ‘ஆய்ந்தெடுப்பு’. கீரை ஆய்கிறோமே, அந்த ஆய்தல்தான். பூச்சி அரித்த இலை, முற்றிய தண்டு, ஊடே வந்த புல் எல்லாவற்றையும் கிள்ளிப் போடுகிறோம். ஒவ்வோர் இலையும் கையில் பட்டுத்தான் சட்டிக்குப் போகிறது. ‘ஆய்வு’ என்று குழம்புமே என்று கேட்கலாம். ‘எடுப்பு’ சேர்ந்ததும் அந்தக் குழப்பம் பெரும்பாலும் போய்விடுகிறது. ‘ஆய்ந்தெடுத்த பதிப்பு’, ‘ஆய்ந்தெடுப்புக் குழு’ என்று நீட்டினாலும் நாக்கு தடுக்கவில்லை.

அப்புறம், எதைக் கிள்ளிப் போட்டோம், ஏன் போட்டோம் என்று ஆசிரியர்களுக்குக் காட்டும் பட்டியலுக்கும் ஒரு சொல் வேண்டும். ‘நீக்கக் குறிப்பு’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். இதைவிட நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.