பழைய கம்பஸ் பத்திரிகை யாரிடமாவது இருக்கிறதா?

அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி. 2021இல் வவுனியாப் பல்கலைக்கழகம் ஆவதற்கு முன்னால், அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாக இருந்த காலத்தில், மாணவர்கள் தாங்களே எழுதி ஒட்டிய சுவர்ப் பத்திரிகை, போட்டோக்கொப்பி அடித்துக் கொடுத்த தாள், எதுவென்றாலும் தேடுகிறேன். கவிதை வேண்டாம், அது மலர்களில் தாராளமாகக் கிடக்கிறது. கன்டீன் பிளேன்ரீ விலை, பம்பைமடு பஸ், மட்ச் சண்டை மாதிரிச் சின்னச் செய்திகள்தான் வேண்டும்.

என்னிடம் இருப்பது ஒரே தாள், அதுவும் கறையான் அரித்தது. "ஹொஸ்டல் கிணற்று வாளியைக் காணவில்லை, எடுத்தவர்" என்பதோடு நிற்கிறது. எடுத்தது யார் என்று தெரியாமல் நித்திரை வரவில்லை!

பெட்டிக்குள் கிடந்தால் லமினேட் செய்துவிடாதீர்கள், பகல் வெளிச்சத்தில் விரித்துவைத்து போனில் படமெடுத்து அனுப்புங்கள்.