பாராளுமன்றத்தில பதில் வரக்குள்ள நம்மட மட்டக்களப்பு எம்பி கதிரையில இருந்தவரா இல்லையா?

வட்டைக்காரன்:
காலையில இருந்து ஒரே போஸ்ட்தான். "நெல் விலையில அமைச்சர திணறடித்த நம்மவர்" எண்டு போட்டோவும் மியூசிக்கும். அந்த கிளிப்ப எனக்கே மூணு பேர் அனுப்பிட்டாங்க, அதுல ரெண்டு பேர் வாழ்நாள்ல வரம்புல கால் வைக்காத ஆக்கள். சரி, கேள்வி நல்ல கேள்விதான். அறுவடைக்கு முந்தி நெல்லுக்கு விலைய ஏன் சொல்லல்ல, அரச களஞ்சியத்த ஏன் திறக்கல்ல எண்டு. நான் கேக்கிறது ஒண்டே ஒண்டு. அமைச்சர் எழும்பி பதில் சொல்லக்குள்ள உங்கட எம்பி கதிரையில இருந்தவரா? நான் லைவ்ல பாத்தனான், கதிரை காலி. வேற ஒரு எம்பி எழும்பி "அவர் சார்பில கேக்கிறன்" எண்டு கேள்வி நம்பர மட்டும் சொல்லிட்டு இருந்தாரு. அப்ப திணறினது ஆரு?

கல்லடி_சுரேன்:
வந்துட்டாரு. அண்ணே நீங்க எதுக்குத்தான் சந்தோசப்பட்டிருக்கிங்க? கிளிப்புல அவரு நிண்டு கேக்கிறது குருடனுக்கும் தெரியும். நீல கோட்டு போட்டு, கையில பேப்பரோட. இதுக்கு மேல என்ன ஆதாரம்?

வட்டைக்காரன்:
அந்த நீல கோட்டுத்தான் மனே விசயமே. அது வரவு செலவுத்திட்ட குழுநிலை விவாதத்தில பேசினது. கேள்வி நேரம் காலையில ஒன்பதரைக்கு சபை கூடின கையோட வாறது, அதில நிண்டு அஞ்சு நிமிசம் கைய வீசி பேச விடமாட்டாங்க. சபாநாயகர் "கேள்விய கேளுங்க" எண்டுவாரு. பழைய பேச்ச வெட்டி இந்த கேள்விக்கு மேல ஒட்டியிருக்கானுகள். சரி, அத விடுங்க. பதில் வரக்குள்ள இருந்தவரா?

திருக்கோவில்_தங்கச்சி:
ஒரு மனிசன் கேள்வி கேட்டா அத பாராட்டுறத விட்டுட்டு கோட்டு கலர் பாக்கிறீங்களே அண்ணா. எங்கட அம்பாறையில 7 எம்பி, அதுல எத்தின பேர் நெல்லப்பத்தி வாய் திறந்தவங்க? உங்களுக்கு 5 பேர் இருந்தும் ஒராளாவது கேக்கிறாரு எண்டு இருங்க.

ஓய்வு_கிளாக்கர்:
எல்லாரும் கொஞ்சம் பொறுமையா வாசிங்க. எம்பி ஒருவர் வாய்மூல விடைக்கு கேள்வி குடுத்தா அது சபையின்ட அண்டைய வேலைப் பட்டியலான ஒழுங்குப் பத்திரத்தில அவருட பேரிலதான் வரும். அந்த நாள் அவரு இல்லாட்டி வேற உறுப்பினர் அவர் சார்பில கேக்கலாம், வழமையா நடக்கிறது. ஆருமே கேக்காட்டி இரண்டாம் சுற்றுக்கு போகும். ஆகவே சார்பில கேட்டாலும் கேள்வி அவருடையதுதான். சட்டப்படி வட்டைக்காரன் தம்பி சொல்லுறதுல பொருளில்லை.

வட்டைக்காரன்:
கிளாக்கர் ஐயா, சட்டத்த ஆரும் கேக்கல்ல. கேள்விய எழுதிக் குடுத்தா அமைச்சின்ட ஆக்கள் பதில எழுதி வச்சிருப்பாங்க, அமைச்சர் அத வாசிப்பாரு, இல்லாட்டி "விடை நீளமானது, சபைக்கு சமர்ப்பிக்கிறன்" எண்டு மேசையில வச்சிட்டு இருப்பாரு. அதுவரைக்கும் ரெண்டு பக்கமும் நாடகம்தான். விளையாட்டு தொடங்கிறது இடையீட்டுக் கேள்வியில. எழுதிக்குடுக்காத கேள்விய நேரா முகத்துக்கு கேக்கிற இடம் அது. அவடத்ததான் அமைச்சர் தடுமாறுவாரு, பின்னால இருக்கிற அதிகாரி துண்டு எழுதி அனுப்புவாரு. அந்த இடையீட்டுக் கேள்விய கேக்கிறதுக்கு ஆள் கதிரையில இருக்கணுமா இல்லையா? இருந்தவரா?

கல்லடி_சுரேன்:
இருந்தவரு.

வட்டைக்காரன்:
எப்பிடி தெரியும்?

கல்லடி_சுரேன்:
அவருட செயலாளர் என்ட மச்சான்ட கூட்டாளி. அவரே சொன்னவரு.

வட்டைக்காரன்:
அப்ப சரி, செயலாளர்ட கூட்டாளிட மச்சான் சொன்னா சபைப் பேச்செல்லாம் பதியிற ஹன்சாட்டையும் திருத்தலாம்.

சம்மாந்துறை_காக்கா:
தம்பிமாரே, இருந்தாரா இல்லையா எண்டத விடுங்கப்பா. விசயம் என்ன? 2025ல விலை சொன்னது பெப்ரவரியில. நாடு நெல் கிலோ 120 ரூபா, சம்பா 125, கீரி சம்பா 132. அம்பாறையிலயும் மட்டக்களப்பிலயும் மாரிகால பெரும்போக வெட்டு ஜனவரியிலேயே தொடங்கிடும். பொலன்னறுவ ஆக்களுக்கு இன்னும் வயல் பச்சையா நிக்கக்குள்ள எங்கட நெல் லொறியில ஏறி போயிரும். விலைய சொல்லுற நேரம் ஏழை விவசாயிட கையில நெல்லே இரிக்காது, யாவாரிட ஸ்டோர்லதான் இரிக்கும். இத ஒவ்வொரு வருசமும் ஆராவது ஒரு எம்பி கேக்கிறாரு, ஒவ்வொரு வருசமும் ஒரே பதில்தான். இதுக்கு என்ன வழி எண்டு கதைங்க.

வட்டைக்காரன்:
காக்கா நீங்க சொல்லுறதுதான் சரி, நானும் அதத்தான் சொல்லுறன். ஒரே பதில் வாறதுக்கு காரணம் பதிலுக்கு மேல கேக்க ஆள் இல்லாததுதான். கேளுங்க, வெட்டு மெசின் இறங்கின அண்டைக்கு வயல்ல நெல் பச்சை ஈரம். நான் ஒரு அரச ஸ்டோருக்கு கொண்டு போனன், எந்த ஊரெண்டு சொல்லமாட்டன், சொன்னா மறுகா அங்க என்ட மூடைய இறக்க விடமாட்டான். அவன் ஈரம் பாக்கிற பெட்டிக்குள்ள ஒரு பிடி நெல்ல போட்டான், மூடி அமத்தினான், ஈரம் நூத்துக்கு 17 சொச்சம் காட்டிச்சு. 14க்கு மேல எண்டா எடுக்கமாட்டம், காய வச்சு கொண்டு வாங்க எண்டான். எங்க காய வைக்க? ரோட்டுலதான். படங்கு விரிக்க இடம் இல்லாம தார் ரோட்டு ஓரத்தில கொட்டி, கல்லு வச்சு, மோட்டார் சைக்கிள்காரன் ஏச்சு வாங்கி, பின்னேரம் மழை இருட்டிக்கொண்டு வர அள்ளி, அடுத்த நாள் திரும்ப விரிச்சு. வெட்டு மெசினுக்கு காசு குடுக்க வேணும், உரக்கடைக்கு கடன். யாவாரி வாசல்ல வந்து நிக்கான், ஈரத்தோட எடுக்கிறன், விலை இவ்வளவுதான் எண்டு. குடுத்துட்டன். இடையீட்டுக் கேள்வி எண்டா இதுதான் கேள்வி: 14 வேணும் எண்டா காய வைக்கிற மெசின் எங்க, அரசாங்கம் எத்தின வச்சிருக்கு, எங்கட மாவட்டத்தில எங்க நிக்குது? இத கேக்க ஆள் இருந்தவரா?

எழுவான்_கரையான்:
இப்பிடி அழுறதுக்கு 2021ல எங்க போன நீங்க? உரத்த ஒரேயடியா நிப்பாட்டினவனுகளுக்கு வாவிக்கு மேற்கால உங்கட படுவான்கரையில மாலை போட்டு வரவேற்றது நான் என்ட கண்ணால பாத்தது.

வட்டைக்காரன்:
படுவான்கரையில மாலை போட்டது ஆரு? பேர சொல்லுங்க பாப்பம். 2021 மே மாசம் உர இறக்குமதிக்கு தடை போடக்குள்ள நாங்க ரோட்டுல நிண்டு கத்தினம். பெரும்போகம் தொடங்கின பிறகு தடைய எடுத்தும் ஒண்டும் ஆகல்ல. நீங்க அந்த நேரம் டவுன்ல கடையில நிண்டு கடனுக்கு உரம் இல்ல எண்டு எங்கள திருப்பி அனுப்பினது மறக்கல்ல.

எழுவான்_கரையான்:
கடனுக்கு குடுக்காதது என்ட பிழையா? போன முறை எடுத்தது இன்னும் தரல்லயே நீங்க.

வட்டைக்காரன்:
அத இங்க ஏன் கா கொண்டு வாறீங்க?

திருக்கோவில்_தங்கச்சி:
ஹஹா. கடன் கணக்கெல்லாம் வந்துட்டு.

லண்டன்_மட்டுநகரான்:
இதெல்லாம் பாக்கக்குள்ள கவலையா இருக்கு. பாராளுமன்றத்தில மட்டக்களப்பு எண்டா ராசதுரை ஐயாதான். 1956ல இருந்து 1989 வரைக்கும் எம்பி. சொல்லின் செல்வர் எண்டு சும்மாவா சொன்னாங்க. அவரு எழும்பினா சபையே அமைதி. இப்ப இருக்கிறவங்களுக்கு பேப்பர பாத்துக்கூட வாசிக்க வராது.

எழுவான்_கரையான்:
அவரு 1979ல அரசாங்க பக்கம் போய் அமைச்சர் ஆனதையும் சேத்து சொல்லுங்க. 1977ல தமிழர் விடுதலைக் கூட்டணி டிக்கட்ல வெண்டவரு.

லண்டன்_மட்டுநகரான்:
அவரு ஏன் போனவரு எண்டு தெரியுமா? 77ல ஒரே தொகுதியில அவருக்கு எதிரா கவிஞர் காசி ஆனந்தன இறக்கினது ஆரு? ஒரு ஆள் கூட்டணி பேருல, மற்ற ஆள் தமிழரசுக் கட்சி பேருல. யாழ்ப்பாணத்து தலைமை எங்களுக்கு செஞ்சது அது.

கல்லடி_சுரேன்:
அண்ணே, அண்டைக்கு காசி ஆனந்தனும் மட்டக்களப்பு ஆள்தான். யாழ்ப்பாணத்த ஏன் இழுக்கிறீங்க? லண்டன்ல இருந்து கொண்டு.

லண்டன்_மட்டுநகரான்:
லண்டன்ல இருந்து போன வருசம் உங்கட கழக கிரவுண்டுக்கு லைட் போட காசு அனுப்பினது ஆரு? லைட் இன்னும் வரல்ல எண்டு கேள்விப்பட்டன். அதுக்கு ஒரு கேள்வி போடுங்க, பாராளுமன்ற நிலையியற் கட்டளை 27/2ல.

கல்லடி_சுரேன்:
கணக்கு வாட்சப் குறூப்புல போட்டாச்சு. நீங்க குறூப்ப விட்டு போனது எங்கட பிழையா?

ஓய்வு_கிளாக்கர்:
27/2 எண்டது கட்சித் தலைவர்மார் அவசரமான பொது விசயத்துக்கு முன் அறிவித்தல் குடுத்து கேக்கிறது. முந்தி 23/2 எண்டு இருந்தது. எம்பிமாருட சாதாரண கேள்வி அதுல வராது. கழக லைட்டுக்கு ரெண்டுமே பொருந்தாது. இதையெல்லாம் தெரியாம விவாதிக்கிறதால்தான் நம்ம ஆக்களுக்கு எதுவும் கிடைக்கிறதில்லை. நான் சேவையில இருக்கக்குள்ள பாராளுமன்ற கேள்வி எண்டு மேல தலைப்பு போட்ட கடிதம் வந்தா கந்தோர்ல ஒருத்தரும் மதியச் சோறுக்கு போகமாட்டாங்க. அமைச்சில இருந்து மாவட்டத்துக்கு, மாவட்டத்தில இருந்து பிரதேசத்துக்கு, அங்க இருந்து கிராம சேவகருக்கு. கணக்கு எடுத்து, எழுதி, சிங்களத்தில மாத்தி அனுப்பணும். ஆகவே கேள்வி கேட்டவர் கதிரையில இருக்காட்டியும் கேள்வி வேலை செய்யும்.

வட்டைக்காரன்:
ஐயா, சோறு தின்னாம கணக்கு எடுத்து அனுப்பினீங்க, சரி. அந்த கணக்க அமைச்சர் வாசிக்கக்குள்ள அது பிழை எண்டு சொல்ல ஒராள் அங்க இருக்க வேணாமா? கிராம சேவகர் எழுதினத நம்பித்தான் எங்கட வயல் வட்டையில சேதமே இல்ல எண்டு முடிச்சவங்க. பதில் வரக்குள்ள இருந்தவரா இல்லையா, ஆம் எண்டோ இல்ல எண்டோ சொல்லுங்க. ஒராள் கூட சொல்லல்ல.

கல்லடி_சுரேன்:
நான் சொல்லிட்டன். இருந்தவரு.

சம்மாந்துறை_காக்கா:
ஹன்சாட்ட திறந்து பாத்தா முடிஞ்சுது. பாராளுமன்ற சைட்ல இரிக்கி. ஆர் எந்த பாசையில பேசினாலும் அந்தந்த பாசையிலேயே அச்சடிப்பாங்க.

கல்லடி_சுரேன்:
நான் ஏன் திறக்கணும்? கேக்கிறவரு திறக்கட்டும்.

வட்டைக்காரன்:
நான் ஏன் திறக்கணும்? இருந்தவரு எண்டு சொல்லுறவரு காட்டட்டும்.

திருக்கோவில்_தங்கச்சி:
நான் திறந்தன். இந்தா லிங்க். அவருட பேரு இரிக்குதே, பேசியிருக்காரு.

ஓய்வு_கிளாக்கர்:
பிள்ளை, இது அந்த நாளைய ஹன்சாட் இல்ல. இது பாதைகள் சம்பந்தமான விவாதம்.

திருக்கோவில்_தங்கச்சி:
எதுவா இருந்தா என்ன ஐயா, பேசுறவருதானே. ஒண்டும் பேசாம கன்டீன்ல இருக்கிற ஆக்கள பத்தி ஒரு போஸ்டும் வராது, பேசுறவர மட்டும் பிடிச்சு நோண்டுவீங்க. பொம்பள எம்பி ஒராள் இப்பிடி கேட்டிருந்தா சாரி கலரையும் சேத்து போட்டிருப்பீங்க.

வட்டைக்காரன்:
தங்கச்சி, கோட்டு கலர முதல்ல எடுத்தது நான் இல்ல, சுரேன் தம்பி. நீல கோட்டு எண்டு அவருதான் ஆதாரமா காட்டினவரு. லைவ்ல அண்டைக்கு சபையில நீல கோட்டோட ஒருத்தரும் எழும்பல்ல. சார்பில கேட்டவரு வெள்ள சேட்டு. கதிரை காலி. காலி கதிரையில இருந்து எப்பிடி அமைச்சர திணறடிக்கிறது எண்டு அந்த பேஜ் நடத்துறவரு வந்து ஒரு கிளாஸ் எடுத்தா நானும் படிச்சுக்குவன், எனக்கும் வயலுக்கு போகாமலே நெல் வெட்ட ஆசைதான்.

கல்லடி_சுரேன்:
லைவ்ல கேமரா எல்லா கதிரையையும் காட்டாது. அவரு பக்கத்து கதிரைக்கு போய் ஆரோடயோ கதைச்சுக்கொண்டு இருந்திருக்கலாம்.

வட்டைக்காரன்:
அப்ப சபைக்குள்ள இருந்துகொண்டே தன்ட கேள்விய வேற ஆள விட்டு கேக்க வச்சவரா? இது இன்னும் நல்லா இருக்கே.

எழுவான்_கரையான்:
அத விடுங்க. உரக்கடை கணக்கு எப்ப?

வட்டைக்காரன்:
சிறுபோகம் வெட்டின பிறகு. விலைய நேரத்துக்கு சொன்னா.

சம்மாந்துறை_காக்கா:
யா அல்லாஹ். தம்பி, அந்த காய வைக்கிற மெசின் விசயத்த நீங்களே எழுதி ஒரு எம்பிக்கு குடுங்களன். எங்கட பக்கத்து எம்பி ஒராளுக்கு நான் குடுக்கிறன்.

வட்டைக்காரன்:
குடுக்கலாம் காக்கா. கேள்வி வாற அண்டைக்கு அவரு கதிரையில இருப்பாரா?

கல்லடி_சுரேன்:
நம்மட எம்பி இருந்தவரு எண்டு திரும்பவும் சொல்லுறன். இன்னொரு கிளிப் இரிக்கு, பின்னேரம் போடுறன்.

வட்டைக்காரன்:
போடுங்க. கோட்டு என்ன கலர்?