பெத்கெலெர்ட் நாயின் கல்லறை: எதுவரை சொல்வது?

ஈசூன் கதைசொல்லி:
வணக்கம். எங்கள் வட்டார நூலகத்தின் தமிழ் வாசிப்புக் குழுவில் வேல்ஸ் நாட்டுச் சிற்றூர்க் கதைகளைச் சொல்லவிருக்கிறேன். பெத்கெலெர்ட் என்ற மலையூரின் கதையை முதலில் வைத்திருந்தேன். வேட்டையிலிருந்து திரும்பிய இளவரசர் லிவெலின், கவிழ்ந்து கிடந்த தொட்டிலையும் நாய் கெலெர்ட்டின் வாயிலிருந்த இரத்தத்தையும் கண்டு, தம் குழந்தையை அது கொன்றுவிட்டதென எண்ணி வாளால் குத்திவிட, அதன்பின் உயிரோடிருந்த குழந்தையும் செத்துக் கிடந்த ஓநாயும் கண்ணில் பட்டன என்பது கதை. ஆனால், அங்குள்ள கல்லறை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் டேவிட் பிரிச்சர்ட் என்ற விடுதிக்காரர் பயணிகளை ஈர்ப்பதற்காக அமைத்தது என்றும், இதை நாட்டார் கதை என்பது முறையன்று என்றும் குழுவினர் ஒருவர் சொல்கிறார். கதையை விட்டுவிடலாமா?

உட்லண்ட்ஸ் வாசகி:
தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், ஐயா. கல்லறைதான் அவர் அமைத்தது. கதை அவரைவிட மிகப் பழையது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், பிள்ளையைப் பாம்பிடமிருந்து காத்த கீரியைத் தவறாகக் கொன்ற பார்ப்பனியையும், அவளைவிட்டு வடக்கே சென்ற கணவனையும், அவள் துயரைத் தீர்த்துக் கணவனோடு சேர்த்துவைத்த கோவலனையும் மாடலன் நினைவுகூர்கிறான். அங்கே நாயும் ஓநாயும், இங்கே கீரியும் பாம்பும். நம் கேட்போர் கதையை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

தேக்கா மாணவன்:
விடுதிக்காரரை மறைக்கவும் வேண்டாம், ஏனென்றால் அந்த ஊரின் உண்மையான பேய்க்கதை அவருடையதுதான். உயில் எழுதாமல் இறந்த பிரிச்சர்ட், தம்மிடம் வேலை பார்த்த கிழவர் ஒருவர்முன் ஆவியாகத் தோன்றி, விடுதியின் அடுப்புக்கல்லுக்கு அடியில் நூறு கினிப் பொற்காசுகள் இருப்பதை மனைவியிடம் சொல்லச் சொன்னாராம். கல்லறையைக் கட்டியவரையே ஊரார் கதையாக்கிக்கொண்டார்கள்! நாட்டார் மரபு உயிரோடிருப்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நம் உபின் தீவிலும் அப்படித்தான். முதல் உலகப்போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் படையினரிடமிருந்து தப்பியோடி விழுந்து இறந்ததாகச் சொல்லப்படும் ஜெர்மானியச் சிறுமியின் கோயிலில், பின்னாளில் வந்தவர்கள் பார்பி பொம்மையை வைத்து வழிபடத் தொடங்கினார்கள். அதனால் அந்தக் கதை போலியாகிவிடவில்லை.

உட்லண்ட்ஸ் வாசகி:
அருமையான செய்தி, தம்பி. ஐயா, நேரமிருந்தால் லான்கெர்நியூ ஊரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழமையான யூ மரம் நிற்கும் அவ்வூர்த் தேவாலயத்தில், ஹாலோவீன் இரவன்று ஓர் ஆவி வரவிருக்கும் சாவுகளைப் பெயர் சொல்லி அறிவிக்கும் என்பார்கள். அதை நம்பாத தையற்காரர் ஷான் ஆப் ராபர்ட் அங்கே போய்த் தம் பெயரையே கேட்டார். அவ்வாண்டே இறந்தார் என்கிறது கதை. சிறுவர்கள் வருவார்களென்றால் இதைக் கடைசியில் வைக்காதீர்கள். நாயின் கதையோடு முடித்தால், கேட்பதற்கு அவர்களிடம் நிறையக் கேள்விகள் இருக்கும்.